கடல் கடந்த ஊதியமும் குடியுரிமை வரியும்

தமிழில் 'இறை' என்னுஞ் சொல் அரசனையும் அவன் கொள்ளும் வரியையும் ஒருங்கே குறிப்பது. ஆள்பவனுக்கும் வரி செலுத்துபவனுக்கும் இடையே நிலமே உறவாக நின்ற காலத்தின் மொழி அது. நிலவரி நிலத்தோடு கட்டுண்டது. உழவன் ஊரைவிட்டுப் பெயர்ந்தால் நிலத்தை ஏற்றவனே அவ்வரியையும் ஏற்றான். சுங்கம் சரக்கோடு கட்டுண்டது. துறைமுகத்தைக் கடக்கும்போது அது அறவிடப்பட்டது. இவ்விரண்டிலும் வரி எந்த அரசுக்கு உரியது என்ற ஐயம் எழுவதற்கு இடம் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்ற வருமான வரியோ ஆளைத் தொடர்வது. ஆள் கடல் கடந்தால் அவ்வரியும் கடல் கடக்குமா? ஒரு நாட்டிற் பிறந்தவன் வேறொரு நாட்டிலே, அந்நாட்டுத் தொழில்தருநர் ஒருவரிடம் உழைத்துப் பெறும் ஊதியத்தில் பங்கு கேட்கும் உரிமை எந்த அரசுக்கு உண்டு?

இவ்வினாவுக்கு மூன்று விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. வருமானம் எங்கு தோன்றுகின்றதோ அந்நாட்டுக்கே வரி உரியது என்பது ஒன்று. வருமானம் பெறுபவன் எங்கு வதிகின்றானோ அந்நாட்டுக்கு உரியது என்பது மற்றொன்று. உலகின் பெரும்பாலான நாடுகள் இவ்விரண்டையும் ஏதோவொரு வகையில் இணைத்தே தம் சட்டங்களை ஆக்கிக்கொண்டன. 1799ஆம் ஆண்டில் வருமான வரியை முதன்முதலாக விதித்த பிரித்தானியா வதிவையே பெரிதும் நோக்கியது. அதன் வழிவந்த 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க இலங்கை வருமான வரிக் கட்டளைச் சட்டமும் நாட்டில் வதிபவரின் வருமானம் முழுவதற்கும், வதியாதவரின் இலங்கை வருமானத்துக்கு மட்டுமே வரி விதித்தது. மூன்றாவது விடை குடியுரிமை பற்றியது. எங்கு வாழினும், எவரிடம் தொழில் புரியினும், எங்கள் குடிமகன் எங்களுக்கு வரி செலுத்த வேண்டும் என்பது அதன் கூற்று. இவ்விடையை நெடுங்காலம் உறுதியாகப் பற்றி நின்ற நாடு ஐக்கிய அமெரிக்கா. அதன் குடியேற்றமாக இருந்து அவ்விதியை மரபுரிமையாகப் பெற்றது பிலிப்பைன்ஸ். ஒரே விதி இவ்விரு நாடுகளிலும் எவ்வாறு வேறுபட்ட முடிவுகளை எய்தியது என்பது ஆராய்தற்குரியது. ஓடிப்போகும் செல்வனைப் பிடிப்பதற்கென ஆக்கப்பட்ட வலையில் வயிற்றுப் பிழைப்புக்காகப் புறப்பட்டவனும் சிக்கிக்கொண்ட கதை அது.

போரிற் பிறந்த விதி

1861ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அந்நாட்டின் முதலாவது வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. 800 டொலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு நூற்றுக்கு 3 வீதம் என அது வரி விதித்தது. ஆனால் நாட்டுக்கு வெளியே வாழ்ந்த குடிமக்கள் அமெரிக்காவிலிருந்த தம் சொத்துகள், பங்குகள் ஆகியவற்றினின்று பெற்ற வருமானத்துக்கு வீதம் 5 எனக் குறிக்கப்பட்டது. 1862ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டைப் பேணியது. அரசாங்கச் சேவையில் வெளிநாடு சென்றோரை மட்டும் அது விலக்கியது. வெளியே வாழ்ந்தவன் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்பது வரிக் கொள்கையன்று, தண்டனையின் சாயலே என்பது தெளிவு.

இதன் காரணத்தைச் செனற் சபையில் நிகழ்ந்த விவாதங்களிற் காணலாம். பெருஞ் சொத்துகளை நாட்டில் வைத்துக்கொண்டு, தாம் பாரிஸ் நகரத்திற் சென்று வாழ்வோர், படைக்கு ஆட்சேர்க்கும் ஆபத்தினின்றும் நாட்டுக்கு ஆற்ற வேண்டிய பிற கடமைகளினின்றும் தப்புகின்றனர். அவர்கள் ஏனையோரைப் போன்று குறைந்த வரியோடு தப்பிவிடலாகாது என வேர்மொன்ற் மாநிலத்தைச் சேர்ந்த செனற்றர் ஜேக்கப் கொலமர் வாதிட்டார். இவ்வாதத்தில் ஒரு நகைமுரண் உண்டு. 1863ஆம் ஆண்டின் ஆட்சேர்ப்புச் சட்டப்படி 300 டொலர் செலுத்தியவன் நாட்டைவிட்டு ஓடாமலே படைச் சேவையினின்று விலகிக்கொள்ள முடிந்தது. எனினும் பாரிஸில் வாழும் செல்வன் என்னும் படிமம் சட்டவாக்கத்தாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1864ஆம் ஆண்டில் விதி புதிய வடிவம் பெற்றது. தண்டனை வீதம் கைவிடப்பட்டது. உள்ளூரில் வதிபவரும் வெளியே வாழும் குடிமகனும் ஒரே வீதத்துக்கு உட்பட்டனர். ஆனால் வரியின் எல்லை விரிந்தது. அமெரிக்கச் சொத்தின் வருமானம் மட்டுமன்றி, வெளியே வாழும் குடிமகன் எங்கு ஈட்டினும் அவ்வருமானம் முழுவதும் வரிக்குட்பட்டது. சொத்தை நோக்கிய விதி ஆளை நோக்கிய விதியாக மாறியமை இங்குதான். அந்நிய நாட்டிலே தன் கைகளால் உழைத்துப் பெறும் கூலியும் அமெரிக்க வரிக்குரிய பொருளாயிற்று. வீதம் குறைந்ததனால் இது சலுகையாகத் தோன்றியிருக்கலாம். பின்வந்த நூற்றைம்பது ஆண்டுச் சிக்கல்களுக்கெல்லாம் வித்து இதுவே எனலாம்.

போர்க்கால வருமான வரி 1872இல் காலாவதியாயிற்று. 1894இல் மீண்டும் விதிக்கப்பட்டபோது குடிமக்கள் பற்றிய விதியும் கூடவே வந்தது. மறு ஆண்டிலேயே உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதெனத் தீர்த்தது. அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தத்தைத் தொடர்ந்து 1913இல் இன்றுள்ள வருமான வரி நிறுவப்பட்டபோது, நாட்டிலோ வெளியிலோ வாழும் ஒவ்வொரு குடிமகனும் என்னுந் தொடர் பெரிய விவாதம் எதுவுமின்றிச் சட்டத்தில் இடம்பெற்றது. போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. பாரிஸுக்கு ஓடியவர்களை எவரும் நினைவிற் கொள்ளவில்லை. ஆயினும் விதி வாழ்ந்தது. முதலாம் உலகப் போரின்போது வரி வீதங்கள் மிக உயர்ந்து, 1918இல் உச்ச வீதம் 77 சதவீதத்தைத் தொட்டது. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி செலுத்துவோரின் நிலை தாங்கற்கரியதாகவே, அந்நிய நாட்டுக்குச் செலுத்திய வருமான வரியை அமெரிக்க வரியினின்று கழித்துக்கொள்ளும் ஏற்பாடு அவ்வாண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஒரு வழக்கும் ஓர் அறிக்கையும்

இவ்விதி நீதிமன்றத்திற் சோதிக்கப்பட்டது குக் எதிர் ரெயிற் என்னும் வழக்கிலாகும். ஜோர்ஜ் குக் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். மெக்சிக்கோ நகரத்தில் நிலையாக வாழ்ந்தவர். அவருடைய வருமானமும் அங்கிருந்த சொத்துகளிலிருந்தே கிடைத்தது. 1921ஆம் ஆண்டுக்கென அவர்மீது 1,193 டொலர் 38 சதம் வரி மதிப்பிடப்பட்டது. முதலாந் தவணைப் பணமான 298 டொலர் 34 சதத்தை எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்திவிட்டு, அதனை மீளப் பெறுவதற்காக மேரிலன்ட் மாநில இறைவரிச் சேகரிப்பாளரான கேலன் ரெயிற் மீது அவர் வழக்குத் தொடர்ந்தார். 1924ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அரசாங்கம் தன் இயல்பினாலேயே குடிமகனுக்கும் அவனது சொத்துக்கும், அவை எங்கிருப்பினும், நன்மை புரிகின்றது. ஆதலின் வரி விதிக்கும் அதிகாரமும் அவனைத் தொடரும் என்பது நீதியரசர் மக்கென்னா எழுதிய தீர்ப்பின் சாரம். அந்நன்மை யாது, அதன் அளவு யாது என்பவற்றை மன்றம் ஆராய முற்படவில்லை. நாட்டில் வாழ்ந்து அதன் வீதிகளையும் பாடசாலைகளையும் பயன்படுத்துபவன் பெறும் நன்மையும், தொலைவில் வாழ்ந்து ஒரு கடவுச்சீட்டை மட்டும் வைத்திருப்பவன் பெறும் நன்மையும் ஒன்றாகவே கொள்ளப்பட்டன.

இத்தீர்ப்புக்கு ஓராண்டு முன்னர், 1923இல், சர்வதேச சங்கத்தின் வேண்டுகோளின்படி நால்வர் இரட்டை வரி பற்றி ஓர் அறிக்கை சமர்ப்பித்திருந்தனர். ரொட்டர்டாமைச் சேர்ந்த புருயின்ஸ், தூரினைச் சேர்ந்த ஐனோடி, இலண்டனைச் சேர்ந்த ஸ்ராம்ப், நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலிக்மன் ஆகியோரே அவர்கள். மக்கள் நாடுவிட்டு நாடு பெயரும் காலத்தில் அரசியற் பற்றுறவு வரிக்கு ஏற்ற அளவுகோலாகாது. ஒருவனது பொருளியல் வாழ்வு எந்நாட்டோடு பிணைந்துள்ளது என்பதே நோக்கற்பாலது என அவர்கள் கருதினர். அந்நால்வருள் ஒருவர் அமெரிக்கர் என்பதும், அவருடைய நாட்டின் உயர் நீதிமன்றமே மறு ஆண்டில் அரசியற் பற்றுறவை உறுதிப்படுத்தியது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

அறிக்கையின் சிந்தனை பிற நாடுகளில் வேரூன்றியது. 1928ஆம் ஆண்டு சர்வதேச சங்கத்தின் மாதிரி உடன்படிக்கைகள், ஊதியத்துக்கான வரி தொழில் புரியப்படும் நாட்டுக்கே உரியது என வகுத்தன. 1963இல் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் வெளியிட்ட வரைவின் 15ஆம் உறுப்புரை இதனை மேலும் நுணுக்கமாக்கிற்று. ஒருவர் வேறொரு நாட்டில் 183 நாட்களுக்கு மேற்படாது தங்கி, அவருக்கு ஊதியம் கொடுப்பவர் அந்நாட்டில் வதியாதவராயிருந்து, அவ்வூதியச் செலவை அங்குள்ள நிலையான கிளை எதுவும் ஏற்காவிடின், அவருடைய சொந்த நாடே வரி விதிக்கலாம். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தல் வேண்டும். எனவே சொந்த நாட்டு நிறுவனம் சில மாதங்களுக்கு அனுப்பும் பொறியியலாளர் ஒருவகையினர்; அந்நிய நாட்டுத் தொழில்தருநரிடமே வேலைக்கமர்ந்தவர் மற்றொரு வகையினர். பின்னவரின் ஊதியத்துக்கு முதல் நாளிலிருந்தே அந்நிய நாடு வரி கேட்கலாம். நாட்கணக்கை மட்டும் எண்ணிவிட்டுத் தொழில்தருநர் எந்நாட்டவர் என்பதை மறந்துவிடுவோர் இன்றும் இவ்விடத்திலேயே இடறுகின்றனர். அமெரிக்காவும் இத்தகைய உடன்படிக்கைகள் பலவற்றைச் செய்துகொண்டது. ஆனால் தன் குடிமக்களுக்கு, உடன்படிக்கையே இல்லாததுபோல், வரி விதிக்கும் உரிமையைக் காத்துக்கொள்ளும் வாசகம் ஒன்றினையும் அவற்றிற் சேர்த்துவிட்டது.

தப்பியோடியவனா, வணிகத் தூதனா?

தீர்ப்பு அதிகாரத்தை உறுதிப்படுத்தியதேயன்றி, அதனை எவ்வளவு பயன்படுத்துவது என்பதைக் கொங்கிரசிடமே விட்டது. 1926இல் கொங்கிரஸ் எதிர்த்திசையில் அடியெடுத்து வைத்தது. ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் வாழும் குடிமகன் அங்கு உழைத்துப் பெறும் ஊதியம் முழுவதும், எவ்வித உச்சவரம்புமின்றி, வரியினின்று விலக்கப்பட்டது. உழைப்பின் நலங் கருதி இது செய்யப்பட்டதென எண்ணுதல் தவறு. உலகச் சந்தையில் அமெரிக்கப் பண்டங்களை விற்கச் செல்பவன், சொந்த நாட்டு வரிக்கு உட்படாத பிரித்தானிய வணிகனோடு போட்டியிட வேண்டியிருந்தது. உழைப்பவனை முன்னிறுத்தி ஏற்றுமதியாளனின் கோரிக்கை நிறைவேறிற்று. எவ்வாறாயினும், பாரிஸில் ஒளிந்த செல்வனின் இடத்தில் அமெரிக்கத் தையலியந்திரத்தையும் எண்ணெயையும் விற்கும் முகவன் வந்து நின்றான். பிந்திய வரலாறு முழுவதும் இவ்விரு படிமங்களுக்கும் இடையிலான இழுபறியேயாம்.

இழுபறியின் கட்டங்கள் பல. 1942இல் ஆறு மாத விதி நீக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் உண்மையாகவே அந்நிய நாட்டில் வதிதல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 1951இல் பதினெட்டு மாதங்களில் பதினேழு மாதங்கள் வெளியே தங்கினாலே போதும் எனத் தளர்த்தப்பட்டது. எண்ணெய்க் கிணறுகளிலும் கட்டுமானப் பணிகளிலும் இடம் மாறி மாறித் தொழில் புரிந்தோரைக் கருதிய இச்சலுகையை ஹொலிவூட் நட்சத்திரங்கள் விரைவிற் கண்டுகொண்டனர். ஐரோப்பாவிற் படம் எடுக்கச் சென்று பதினேழு மாதங்கள் தங்கினால் பெருந்தொகை வரியின்றிக் கிடைத்தது. பாரிஸ் செல்வன் மீண்டும் உயிர்பெற்றான் என்று சொல்லத் தோன்றுகின்றது. 1953இல் இவ்வகையினருக்கு 20,000 டொலர் உச்சவரம்பு வந்தது. வளர்ச்சியடைந்த நாடுகளில் வாழ்வோருக்குச் சலுகையை முற்றாக நீக்குமாறு 1961இல் ஜனாதிபதி கென்னடி கேட்டார். கொங்கிரஸ் அவ்வளவு தூரம் செல்லாது, 1962இல் உச்சவரம்பை எல்லாருக்கும் விரித்தது.

1976ஆம் ஆண்டே பெரும் புயலைக் கிளப்பியது. எண்ணெய் விலையேற்றத்தைத் தொடர்ந்து சவூதி அரேபியா முதலிய நாடுகளில் அமெரிக்க ஊழியர் தொகை பெருகியிருந்த வேளை அது. அவ்வாண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் விலக்கை 15,000 டொலராகக் குறைத்தது. அதே ஆண்டில் வரி நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளோ, தொழில்தருநர் ஊழியருக்கு வழங்கும் வீட்டினை அந்த அந்நிய நகரத்தின் வாடகைப்படியே மதித்து வருமானமாகக் கொள்ளவேண்டும் என்றன. டோக்கியோ போன்ற நகரத்தில் அமெரிக்கர் வாழும் வகை வீட்டின் வாடகை சொந்த ஊரின் வாடகையைப்போற் பன்மடங்காகும். ஊழியன் தன் கையாலே காணாத பணத்துக்கு வரி செலுத்த நேர்ந்தது. சவூதி அரேபியாவில் ஊதியத்துக்கு வருமான வரியே இல்லை. ஆதலின் அந்நிய வரியைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கு வாழ்ந்தவனுக்குப் பயன்படவில்லை. அவனருகே அதே வேலையைச் செய்த பிரித்தானியன் தன் நாட்டில் வதியாதவனாகிவிட்டால் எதுவுஞ் செலுத்த வேண்டியதில்லை. ஊழியரின் வரியைத் தாமே ஏற்க நேர்ந்த ஒப்பந்த நிறுவனங்கள் அமெரிக்கரைவிட்டுப் பிறநாட்டவரைத் தேடத் தலைப்பட்டன.

கொங்கிரஸ் அச்சட்டம் நடைமுறைக்கு வருவதை ஒத்திவைத்தது. 1978இல் வீடு, பிள்ளைகளின் கல்வி, தாயகப் பயணம், வாழ்க்கைச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கழிக்கும் சிக்கலான ஏற்பாடொன்றை அதற்குப் பதிலாக ஆக்கியது. மூன்று ஆண்டுகள் செல்வதற்குள் அதுவும் கைவிடப்பட்டது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் 75,000 டொலர் விலக்கினை வழங்கிற்று. பன்னிரண்டு மாதங்களில் 330 நாட்கள் வெளியே தங்கினாற் போதும் என்றது. 1986இல் விலக்கு 70,000 ஆகக் குறைந்தது. பின்னர் படிப்படியாக உயர்ந்து, விலைவாசியோடு இணைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டுக்கு 130,000 டொலராயிற்று.

இத்தொகையை நோக்குவோர், சாதாரண ஊழியனுக்கு இனி என்ன குறை எனக் கேட்கலாம். ஆனால் விலக்கு தானாகக் கிடைப்பதன்று. ஆண்டுதோறும் வரி அறிக்கை சமர்ப்பித்துக் கோரவேண்டியது. ஒரு சதமும் வரி செலுத்த வேண்டாதவனும் இரு நாட்டுச் சட்டங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். 2010ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, அமெரிக்கக் குடிமக்களின் கணக்குகள் பற்றிய விபரங்களை உலகின் வங்கிகளெல்லாம் அமெரிக்க இறைவரிச் சேவைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், தவறினால் அவ்வங்கிகளுக்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் கொடுப்பனவுகளில் 30 சதவீதம் பிடித்துவைக்கப்படும் என்றும் விதித்தது. இதன் பின்னர் அமெரிக்கரின் சம்பளக் கணக்கை வைத்திருப்பதற்கே தயங்கிய வங்கிகள் உண்டு. பெற்றோர் அங்கு தங்கியிருந்த காலத்திற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வெளியேறி, பிறந்த நாட்டை நினைவிலும் அறியாதோரும் தாம் அமெரிக்க வரிக்கு உட்பட்டவர் என்பதை வங்கிக் கடிதத்தின் வாயிலாக அறிந்தனர். குடியுரிமையைத் துறந்தோர் எனப் பெயர் வெளியிடப்பட்டோர் 2016இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்டனர். துறப்பதற்கான கட்டணமோ 2014இல் 2,350 டொலராக உயர்த்தப்பட்டிருந்தது. எரித்திரியா தன் புலம்பெயர்ந்தோரிடம் 2 சதவீத வரி அறவிடும் முறையை 2011இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை கண்டித்தபோது அமெரிக்காவும் அத்தீர்மானத்துக்கு வாக்களித்தது. அக்கண்டனம் வரி பெறப்பட்ட முறையையும் அப்பணம் பயன்பட்ட நோக்கத்தையும் பற்றியதே எனினும், அவ்வாக்கில் ஒரு நெருடல் இருக்கவே செய்கின்றது.

மனிலா சென்ற வழி

அதே விதி பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில் எய்திய முடிவை அறிவதற்குச் சில பத்தாண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். 1898இல் அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட பிலிப்பைன்சில் அமெரிக்காவின் 1913ஆம் ஆண்டு வருமான வரியே முதலில் நடைமுறைக்கு வந்தது. 1946இல் சுதந்திரம் பெற்ற பின்னரும் குடிமகனின் உலகளாவிய வருமானத்துக்கு வரி விதிக்கும் விதி அந்நாட்டுச் சட்டத்தில் நிலைத்தது. வெளியே செல்வோர் தொகை சிறிதாயிருந்தவரை இது பெரும் பிரச்சினையாகவில்லை.

1974ஆம் ஆண்டில் மார்க்கொஸ் ஆட்சி பிறப்பித்த தொழிற் சட்டக்கோவை வெளிநாட்டு வேலைவாய்ப்பை அரசின் திட்டமாகவே ஆக்கியது. கட்டடத் தொழிலாளர் அரபு நாடுகளுக்கும், வீட்டுப் பணிப்பெண்கள் ஹொங்கொங்குக்கும், கடலோடிகள் உலகின் கப்பல்களுக்கும் சென்றனர். பாரிஸ் செல்வனுக்கென ஆக்கப்பட்ட விதி இப்போது சமையலறையில் உழைக்கும் பெண்ணையும் கப்பலின் அடித்தளத்தில் உழைப்பவனையும் நோக்கித் திரும்பியது. முழு வீதத்தில் வரி கேட்டல் இயலாதென்பதை மனிலா உணர்ந்திருந்தது. வெளியே வாழ்வோருக்கென 1 முதல் 3 சதவீதம் வரையிலான தனி அட்டவணை வகுக்கப்பட்டது. அமெரிக்க முறையின் சிக்கலோடு ஒப்பிடும்போது, சராசரி மனிதன் விளங்கிக்கொள்ளத்தக்க எளிமை அதற்கிருந்தது என்பதை மறுத்தல் நியாயமன்று.

ஆனால் அவ்வரியைத் தனியே நோக்கல் பொருந்தாது. 1982இல் பிறப்பிக்கப்பட்ட 857ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளை, ஊதியத்தின் பெரும்பகுதியை அரசு ஏற்ற வங்கிகளின் வழியே கட்டாயமாக அனுப்ப வேண்டும் என விதித்தது. கடலோடிகள் 80 சதவீதமும், கட்டடத் தொழிலாளர் 70 சதவீதமும், வீட்டுப் பணிப்பெண்கள் 50 சதவீதமும் அனுப்ப வேண்டியிருந்தது. தவறியோரின் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது. இப்பணம் வரியன்று, குடும்பத்துக்கே செல்வது என்பது உண்மை. ஆயினும் வரி, கட்டணம், கட்டாய அனுப்புதல் யாவும் உழைப்பவனின் கண்களுக்கு ஒரே கையின் விரல்களாகவே தோன்றின. ஹொங்கொங்கிலிருந்த பணிப்பெண்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். உறவினர் உதவியோ அமைச்சரின் செல்வாக்கோ இல்லாத பெண்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளே ஓய்வுடையோர், ஓர் அரசின் கட்டளையை மாற்றச் செய்தமை சிறு நிகழ்ச்சியன்று. 1985இல் தண்டனை விதிகள் நீக்கப்பட்டன.

1988இல் ஹொங்கொங் சென்ற ஜனாதிபதி கொரசோன் அக்கினோ அங்குள்ள தொழிலாளரை நாட்டின் புதிய வீரர்கள் எனப் போற்றினார். புகழுரை இலவசமானது, வரி அப்போதும் இருந்தது. 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் புளோர் கொன்ரெம்பிளாசியோன் என்னும் பணிப்பெண் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது மனிலாவிற் பொங்கிய சினம், வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசு செய்வது யாது என்னும் வினாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. குடிமகன் எங்கிருப்பினும் அரசு அவனுக்கு நன்மை புரிகின்றது என்ற மக்கென்னாவின் கூற்றை இதனைவிடக் கடுமையாகச் சோதித்த நிகழ்ச்சி வேறொன்றைக் காட்டுதல் அரிது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிறைவேறிய 8042ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளரைப் பயண வரியினின்றும் விமான நிலையக் கட்டணத்தினின்றும் விலக்கியது. வருமான வரி பற்றிய மாற்றம் இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது.

1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி பிடெல் ராமொஸ் கைச்சாத்திட்ட 8424ஆம் இலக்க வரிச் சீர்திருத்தச் சட்டம், 1998 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், வெளியே வதியும் குடிமகனும் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளனும் பிலிப்பைன்சில் தோன்றும் வருமானத்துக்கு மட்டுமே வரி செலுத்தினாற் போதும் என விதித்தது. கடலோடி எந்நாட்டிலும் வதியாதவன். ஊதியம் தருபவன் ஒரு நாட்டினன், கப்பலின் கொடி இன்னொரு நாட்டினது, அது மிதக்கும் நீரோ எவருக்கும் உரியதன்று. அவனுக்கெனச் சட்டத்தில் தனியே ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. சர்வதேச வணிகத்தில் மட்டுமே ஈடுபடும் கப்பலொன்றின் பணியாளனாக வெளிநாட்டிற் சேவை செய்து ஊதியம் பெறும் பிலிப்பைன்ஸ் கடலோடியும் வெளிநாட்டு ஒப்பந்தத் தொழிலாளனாகவே கொள்ளப்படுவான் என்று அது கூறியது.